சாட்டினுக்கு உள்ளே கம்பளி

லுப்லின்
14 நவம்பர் 1993

அன்புள்ள பிரோனியா,

இயேசுவுக்குப் புகழ். உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. பென்சிலால் எழுதியிருந்தாய். அறுபத்தொன்பது வயதில் முதன்முதலாகக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்பதைப் பென்சிலால் எழுதலாமா? கான்வென்ட்டில் சிஸ்டர் பெலாஜியா இதைப் பார்த்திருந்தால் மை தொட்டு மறுபடி எழுத வைத்திருப்பார்.

என் வாழ்த்துகள். முறைப்படி சொல்லிவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். ஜனவரி இருபத்திரண்டு என்கிறாய். சுவாவ்கிக்கு அப்பால் ஒரு கிராமம், மரத்தால் கட்டிய கோயில், கணப்பு கிடையாது. அங்கே அந்த மாதத்தில் தீர்த்தத் தொட்டியில் ஐஸை உடைத்துத்தான் விரல் நனைக்க வேண்டும். பூசை ஒரு மணி நேரம். போன மார்ச்சில் நிமோனியா வந்து நீ மூன்று வாரம் படுத்துக் கிடந்தாயே, அப்போது டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை வந்தா அவங்க தாங்க மாட்டாங்கம்மா" என்றார். இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்வது நீ பயப்படுவதற்காக அல்ல, ஒழுங்காக உடுத்துவதற்காக.

ஆகவே கம்பளித் துணி. கழுத்து மூடியிருக்க வேண்டும். கை மணிக்கட்டு வரை. நிறம் சாம்பலோ கருநீலமோ, உன் வயதுக்கு எது பொருந்துமோ அது. உள்ளே கம்பளிக் காலுறை, பட்டுக் காலுறை வேண்டாம்.

வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஏப்ரலில் நீ இங்கே என்னோடு வந்து இருப்பதாகப் பேசியிருந்தோம். கிழக்கு அறைக் கணப்பின் ஓடுகளை மாற்றி முடித்தாயிற்று. அது போகட்டும், அறை கெட்டுப்போகாது.

லியோகாடியா

பி.கு. கட்டிலுக்கு வாங்கிய கம்பளிப் போர்வையும் வந்துவிட்டது. மிகக் கனம்.


பியாலிஸ்டாக்
21 நவம்பர் 1993

லோடியா கண்ணே,

இந்தத் தடவை மை. சந்தோஷமா?

கருநீலமாம்! ஏண்டி, நான் கல்யாணத்துக்குப் போகிறேனா, பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷனுக்கா? நாற்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தபோது கருநீலம் உடுத்தியாயிற்று. துணி வாங்கிவிட்டேன். சாட்டின். பால் ஏடு நிறம். கைக்கு லேஸ். தையல்கார ஹெலா என் வகுப்பில் படித்தவள், நைல் நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கடைசி வரை சொல்லாதவள். அளவெடுத்துக்கொண்டே கேட்கிறாள்:

"டீச்சர், கை முழுக்க லேஸா? உள்ள லைனிங் வேணாமா?"

"வேணாம்."

"உள்ள இருக்கிற கை தெரியுமே டீச்சர்."

"தெரியட்டும்டி. அறுபத்தொம்பது வருஷமா யாரும் பாக்கல."

வாயில் இருந்த ஊசியை விழுங்கியிருப்பாள்.

ஏன் ஜனவரி என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவருக்கு எண்பது தேனீப் பெட்டி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் மனிதரோடு பேசுவதே அபூர்வம். "வசந்தம் வரைக்கும் பொறுக்கலாமே" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சரம்மா, அதுங்க தூங்கறப்பதான் எனக்கு லீவு. அதுங்க எந்திரிச்சிட்டா நீங்க ரெண்டாந்தாரம்தான்" என்றார். நாங்கள் இன்னும் நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொள்கிறோம். சிரிக்காதே.

கேட்க வேண்டியதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கோயிலுக்குப் புறப்படும் முன் வீட்டில் பெற்றவர்கள் முன்னால் மண்டியிட்டு ஆசீர்வாதம் வாங்க வேண்டும் அல்லவா? அவர் பக்கம் அண்ணன் இருக்கிறார், எண்பத்தாறு வயது, பெற்றவர் இடத்தில் அவர் நிற்பார். என் பக்கம் யாரும் இல்லை. நீ வா, லோடியா. என் நெற்றியில் சிலுவை போட்டுத் தீர்த்தம் தெளி. நீ என்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவள். அம்மா ஸ்தானத்துக்கு அது போதாதா?

உன் பிரோனியா


லுப்லின்
29 நவம்பர் 1993

அன்புள்ள பிரோனியா,

சாட்டின் சூடு தரும் துணி அல்ல. உடம்பின் சூட்டையும் வாங்கி வெளியே விட்டுவிடும். என் கல்யாணம் அக்டோபரில். அதுவும் செங்கல் கோயில். அதற்கே என் தாயார் சாட்டினை ஒதுக்கிவிட்டார். லேஸைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஓட்டை போட்ட துணியை உடை என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஆனாலும் வாங்கிவிட்டாய். ஆகவே கவனி. சாட்டினுக்கு உள்ளே ஃபிளானல் கொடுக்கச் சொல். ஹெலாவுக்கு நைல் தெரியாவிட்டாலும் ஃபிளானல் தெரிந்திருக்கும். மேலே ஆட்டுத்தோல் கோட், கோயில் கதவு வரை மட்டும் அல்ல, உள்ளேயும். போட்டோ எடுப்பவன் கழற்றச் சொன்னால் முடியாது என்று சொல். காலுக்குக் கம்பளி பூட்ஸ். உடை நீளமாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆசீர்வாதத்துக்கு நான் வருவதற்கில்லை. இரண்டு ரயில் மாற வேண்டும், அப்புறம் பஸ். என் முழங்கால் உனக்குத் தெரியும். மேலும் பதினோரு மாதத்தில் யாரும் யாருக்கும் அம்மாவாகிவிட முடியாது. உன் பங்குச்சாமியாரைக் கேள், அவர் போடட்டும் சிலுவை.

அக்டோபர் மூன்றாம் தேதி எழுதிய கடிதத்தில், கட்டிலை ஜன்னல் பக்கம் தலை வைத்துப் போடு, காலையில் வெயிலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கடிதம் என்னிடம் இருக்கிறது. அதற்குள் ஐந்து வாரத்தில் ஒரு தேனீக்காரர். நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலைத் திருப்பிப் போட ஆள் வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

லியோகாடியா


பியாலிஸ்டாக்
8 டிசம்பர் 1993

லோடியா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஃபிளானல் இருக்கிறது, ஆட்டுத்தோல் இருக்கிறது, முழங்கால் இருக்கிறது. அவர் பெயர் என்ன என்ற கேள்வி மட்டும் இல்லை. மூன்று வாரமாக நீ கேட்கவே இல்லை. வின்சென்டி. அவர் பெயர் வின்சென்டி.

உன் அறையைப் பற்றிச் சொல்கிறேன், கோபப்படாதே. கோபப்பட்டாலும் பரவாயில்லை. ஆகஸ்டில் நான் வந்திருந்தபோது கிழக்கு அறைக் கதவில் நீ ஒரு காகிதம் ஒட்டியிருந்தாய். காபி ஏழு மணி. ஜெபமாலை ஆறு மணி. விளக்கு பத்து மணி. அதைப் பார்த்ததும் எனக்கு நம் கான்வென்ட் படுக்கைக்கூடம் ஞாபகம் வந்தது. உன்னோடு இருக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அந்தக் காகிதத்தோடு எப்படி இருப்பது?

வின்சென்டி வீட்டில் காபி எப்போது என்று கேட்டேன். "பசிச்சா" என்றார்.

கான்வென்ட் என்றதும் இன்னொன்று. பிப்ரவரி மெழுகுவர்த்தித் திருநாள் ஊர்வலம், வெள்ளைப் பருத்திச் சட்டை, நமக்குப் பன்னிரண்டு வயது. நான் இருமிக்கொண்டிருந்தேன். படுக்கைக்கூடத்துப் போர்வையை வெட்டி என் சட்டைக்குள் வைத்துத் தைத்தது யார்? மதர் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டபோது நான்தான் என்றேன். நீ உன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த ஈஸ்டருக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், நான் மட்டும் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தேன். ஐம்பத்தேழு வருஷத்தில் ஒரு தடவையாவது இதைப் பற்றி உன்னிடம் பேசியிருக்கிறேனா?

உடையைப் பற்றி இனி எழுதாதே. சாட்டினில்தான் போவேன். நடுங்கினால் நடுங்குகிறேன். பார்க்க நீ இருக்கப்போவதில்லையே.

பிரோனியா


லுப்லின்
16 டிசம்பர் 1993

அன்புள்ள பிரோனியா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், உனக்கும் திரு. வின்சென்டிக்கும்.

வழக்கம்போல் கிறிஸ்துமஸ் அப்பம் இத்துடன் இருக்கிறது. எங்கள் கோயிலில் வாங்கியது. ஒரு கட்டுக்குப் பன்னிரண்டு இருந்தன, காகிதம்போல் மெலிசு, பெரும்பாலும் ஓரம் உடைந்தவை. கீறல் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்தேன்.

உடையைப் பற்றி எழுதவில்லை.

லியோகாடியா

பி.கு. கம்பளி பூட்ஸ் உடையில் சேராது, காலணியில் சேரும். ஒரு அளவு பெரிதாக வாங்கு.


பியாலிஸ்டாக்
30 டிசம்பர் 1993

லோடியா,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உன் உறையைப் பிரித்தேன். வின்சென்டியும் அவர் அண்ணனும் மேசையில் இருந்தார்கள். அப்பத்தைக் கையில் எடுத்தேன். முழுசாக இருந்தது.

நாற்பத்தெட்டு வருஷமாக நீ அனுப்பும் அப்பத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். நீ உன் பங்கை அங்கே உடைத்துத் தின்றுவிட்டு மிச்சத்தை எனக்கு அனுப்புவாய், எட்ட இருப்பவர்களுக்கு எல்லாரும் செய்வதுபோல. நம் இருவருக்கும் சண்டை நடந்த வருஷம்கூட உடைத்து அனுப்பினாய், சின்னதாக, எலி கடித்த மாதிரி. இந்த வருஷம் உடைக்கவில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்து, "யாரு அனுப்பினது, முழுசா வந்திருக்கு?" என்றார். "தபால்ல பத்திரமா வந்திருக்கு, அதான்" என்று வின்சென்டி சொல்லிவிட்டுத் தன் அப்பத்தை என் பக்கம் நீட்டினார். பாவம், அவருக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும்.

என்னோடு எதையும் பங்கிட்டுக்கொள்ள உனக்கு விருப்பமில்லை என்றால் எழுதியே சொல்லியிருக்கலாம். நீதான் அழகாக எழுதுவாயே.

உன் அப்பத்தை நான் உடைக்கவில்லை. ஜெபப்புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி, பதினோரு மணி. வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்று இன்னொரு தடவை கேட்கவும் மாட்டேன்.

பிரோனிஸ்லாவா


லுப்லின்
11 ஜனவரி 1994

என் பிரோனியா,

உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. இதற்குள் ஆறு தாள் கிழித்துவிட்டேன். இது ஏழாவது. அடித்தல் திருத்தல் இருக்கும். இருக்கட்டும்.

முதலில் அப்பம். கீறல் இல்லாததாகத் தேடி எடுத்தேன் என்று எழுதினேன் அல்லவா, அதுதான் நடந்தது. உனக்குப் புதுக் குடும்பம், புது மேசை, அங்கே உடைந்த அப்பம் போகக்கூடாது என்று நினைத்தேன். இது பாதி உண்மை. மீதிப் பாதியையும் எழுதுகிறேன். மூலையை உடைக்கக் கை போனது. உடைத்தால் என் பங்கை நான் அங்கேயே, அடுப்பு முன்னால், தனியாக நின்று தின்ன வேண்டும். நாற்பத்தெட்டு வருஷமும் அப்படித் தின்றிருக்கிறேன். அதில் முப்பது வருஷம் என் கணவர் அடுத்த அறையில் இருந்தார், அப்புறம் இல்லை. இந்த வருஷம் முடியவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் நாம் எதிரெதிரே உட்கார்ந்து உடைப்போம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதனால் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று யோசிக்கவில்லை. நான் யோசிப்பதெல்லாம் ஒழுங்கைப் பற்றித்தான் என்று நீ சொல்வாய். சரிதான்.

அடுத்தது போர்வை. கத்தரி என் கையில் இருந்தது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மதருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த ஈஸ்டருக்கு நீ வீட்டுக்குப் போகவில்லை. ஜூனில் உன் அம்மா இறந்துபோனார். இதை நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்காக உன்மேல் கோபமாகக்கூட இருந்தது. எழுதியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அந்த அம்மாவின் இடத்தில் வந்து நில் என்று நீ என்னைக் கேட்கிறாய். முழங்காலைக் காரணம் காட்டினேன். பிரோனியா, எந்த முகத்தோடு நான் அங்கே நிற்பேன் என்பதுதான் காரணம்.

சனிக்கிழமை கிழக்கு அறைக்குப் போனேன். கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்தேன். கோந்து நன்றாகப் பிடித்திருந்தது, சுரண்ட வேண்டியிருந்தது. அப்புறம் புதுப் போர்வையை மேசைமேல் விரித்துக் கத்தரி எடுத்தேன். பக்கத்து வீட்டு யாட்விகா சர்க்கரை கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, புதுப் போர்வையாச்சே! என்னம்மா செய்றீங்க?"

"பாத்தா தெரியலையா? வெட்டறேன்."

"எதுக்கு?"

"கல்யாணத்துக்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

"என் பொண்ணுக்கு" என்றேன். சர்க்கரையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் குழந்தை கிடையாது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். இந்நேரம் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கதை கிளம்பியிருக்கும்.

உள்பாவாடை ஒன்று, கைவைத்த உள்சட்டை ஒன்று. உள்பாவாடையை நான்கு துண்டாக வெட்டியிருக்கிறேன், இடுப்பில் மடிப்பு வராது. சட்டைக்குக் கை முழங்கை வரைதான். அதற்குக் கீழே உன் லேஸ் தெரியட்டும். அறுபத்தொன்பது வருஷம் போதும். சாமியாரிடம் பூசையைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லி நான் ஏற்கெனவே கடிதம் போட்டுவிட்டேன். கோபப்படாதே. கோபப்பட்டாலும் பரவாயில்லை.

திரு. வின்சென்டியின் காது நன்றாகச் சிவக்கட்டும். அப்படிப்பட்டவரை நீ பார்த்தது எனக்கு ஆறுதல்.

ஜெபப்புத்தகத்தில் இருக்கும் அப்பத்தை அப்படியே வைத்திரு.

உள்பாவாடையின் கீழ் விளிம்பை மடித்துத் தைக்கவில்லை. உடையை நீ போட்டு நின்றால்தான் நீளம் தெரியும். ஹெலா அதில் கைவைக்க வேண்டாம். ஊசியும் நூலும் நான் கொண்டுவருகிறேன். இருபதாம் தேதி வியாழக்கிழமை ரயில், சுவாவ்கியில் மாலை நாலு பத்துக்கு. யாரையாவது ஸ்டேஷனுக்கு அனுப்பு. என் முழங்கால் உனக்குத் தெரியும்.

லோடியா