சாம்பல் நிறக் கட்டம்

மார்ச் 31

சிட்டு, கம்ப்யூட்டர் கணக்கில் இந்த மாதமும் அடியில் சிவப்புதான்.

நீ சொல்லிக்கொடுத்தபடியேதான் போட்டேன். மேலே ஆஸ்பத்திரிச் சலவைச் சம்பளம். கீழே வாடகை, அரிசி, பால், கேஸ், கரண்ட். ஒற்றை விரலால் தட்டி முடிக்க அம்மாவுக்கு ஒரு மணி நேரம். ஆயிரத்து இருநூறு குறை என்று காட்டுகிறது. ஜனவரியில் வாடகை ஏறியதிலிருந்து இதே கதை.

கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். டிசம்பரில் நாலு நாள் காய்ச்சல். வருஷம் முடியக்கூட இல்லை.

ஏப்ரல் 1

பால் நிறுத்தியாச்சு. கறுப்பு டீ. வாய்க்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 30

அறுநூறு குறை. இன்னும் எதை நிறுத்த?

மே 3

பிஸ்கட் டப்பாவில் ஆயிரத்து எண்ணூறு இருக்கிறது. மாதா மாதம் கையில் நின்றதை அதில்தான் போடுவேன். ஆனால் கம்ப்யூட்டர் குறை என்கிறதே. நீ போட்ட கணக்கு தப்பாது. அப்போ இது யாருக்கோ கொடுக்க வேண்டியது, நான்தான் மறந்துவிட்டேன்.

மளிகைக்காரரிடம் போய்ப் பாக்கி ஏதும் உண்டா என்று கேட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாக்கி இருக்கான்னு தானா வந்து கேக்குற ஆள இன்னிக்குத்தான்க்கா பாக்குறேன்." கேஸ்காரரும் இல்லை என்றுவிட்டார். டப்பாவைத் தொடவே பயமாக இருக்கிறது.

மே 6

வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் காலி செய்கிறேன். இனி உன் மாமா வீட்டு முன்னறையில் ஒரு மூலை.

ஜன்னல் கட்டையில் நீ ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. விட்டுவிட்டேன்.

மே 18

மூட்டை கட்ட மாமா வீட்டிலிருந்து அண்ணி வந்தாள். டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டு, "சிவப்பு சிவப்புன்னு அழுதியே, இது என்ன?" என்றாள். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தவள், கடைசியில் சாம்பல் நிறக் கட்டத்தில் நின்றாள்.

"இதென்ன ஆயிரத்து ஐந்நூறு? யாருக்குக் குடுக்குற?"

"அது சிட்டுவோடது அண்ணி. பஸ்ஸுக்கும் கம்ப்யூட்டர் கிளாஸுக்கும். மாசா மாசம் செலவுல தானா வந்துடும். அதுல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

அண்ணி கட்டத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"இப்ப எந்த பஸ்ல போறா அவ?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. கேட்டதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். கட்டிய மூட்டை மேலேயே ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மே 19

வேலையில் போர்வை மடிக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. உன்னைக் கழித்தால் எனக்கு வீடு நிற்கும். இப்படியா ஒரு கணக்கு வரணும்? எனக்கு வேணாம். எனக்கு வேணவே வேணாம்.

மே 22

வீட்டுக்காரம்மா வழிமறித்தாள். இன்னும் யாருக்கும் வீட்டைக் காட்டவில்லையாம். இருப்பதானால் மாதம் முடிவதற்குள் சொல்லச் சொன்னாள்.

மாமா வீட்டுக்குப் போனால் உன் கட்டில் வராது. அங்கே இடமில்லை.

மே 30

கை வைத்தேன்.

நான் உனக்குத் தெரியாமல் உன் செலவுக்கு நூறு இருநூறு கூட்டிவிடுவேன் என்றுதானே அந்தக் கட்டத்துக்குச் சாம்பல் நிறம் அடித்தாய்? "தொட்டா எல்லாம் குலைஞ்சிடும்மா, மறுபடி என்னால போட முடியாது" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். ஒன்றும் குலையவில்லை. வாடகை வாடகையாக இருந்தது, அரிசி அரிசியாக இருந்தது. பொய்க்காரி.

பூஜ்யம் போட்டேன். அடியில் தொள்ளாயிரம், பச்சை. நீ இருந்தால் கை தட்டியிருப்பாய்.

வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாலுக்கும் சொல்லியாச்சு. மூட்டையைப் பிரித்து உன் கட்டிலில் விரிப்பு போட்டேன்.

உன் பேரை எடுக்கவில்லை. பேருக்கு நேரே அந்தப் பூஜ்யம்தான் வெறிச்சென்று நிற்கிறது. பஸ் காசையும் நானே எடுத்துட்டேன். இனி நீ எதுல வருவ, சிட்டு?