ஐஸ் அறைக்கு லீவு இல்லை

மச்சான்,

நீ கண்மூடிய பிறகு வந்த சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் உன் மகள் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். மின்சாரக் கந்தோர் அனுப்பிய செய்தி: விடுமுறையில் மின்பாவனை குறைவு, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கவும்.

"வெயில் கூடிப்போச்சாம் மாமா. நிப்பாட்டட்டாம்."

சாய்ந்தமருதுக் கரையில் நீ கட்டிய ஐஸ் அறை எந்த விடுமுறையில் மூடிக் கிடந்தது? சித்திரைக்குப் பாண்டிருப்புத் தமிழரின் தோணிகள் கரையில் நிற்கும். முஸ்லிம்களான நம்மவர்கள் கடலுக்குப் போவார்கள். பெருநாளைக்கு நாம் வீட்டில், அவர்கள் கடலில். இரண்டு ஊர் மீனும் உன் அறைக்குத்தான் வந்தது. கொழும்பில் இருப்பவருக்கு இது தெரியாது. கல்முனைக் கந்தோரில் இருப்பவருக்குமா தெரியாது?

மின்வெட்டுக் காலத்தில் டீசலும் கிடைக்காமல், நாறிப்போன சூரை மீனை மணலில் புதைத்தோமே. "கடல் தந்தத கரண்டுக்காரன் திண்டுட்டான்," என்றார் பாண்டிருப்புக் கணேசண்ணன். பிறகுதான் நீ தகடு விற்பவனைக் கூப்பிட்டாய்.

"லைன்ல கரண்ட் போனா இது ஓடுமா?"

"இல்ல காக்கா. இதும் நிண்டுரும்."

"அப்ப கூரைக்குக் கண்ணாடி போடவா உன்னக் கூப்பிட்ட? பெட்றியோட பூட்டு."

மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்றியோடு பூட்டினான். ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் ஓய்ந்தன. காலையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன மீன்காரப் பெண்கள், பின்னேரச் சந்தைவரை மீனை வைத்திருந்து விற்றார்கள். சூரியனால் வந்த நன்மை எது என்று யாராவது கேட்டால் அந்தப் பெண்களைக் காட்டுவேன்.

கந்தோருக்கு அழைத்தேன். நாளை எங்களுக்கு வேலைநாள் என்றேன்.

"நாட்டுக்கே லீவுதானே," என்றார் அதிகாரி.

"கடலுக்கு லீவு விட்டது ஆரு?"

"அது மேலிடத்து முடிவு."

கூரைக்குக் கூரை தகடு பூட்டுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த மின்சாரத்தைச் சேமிக்க ஓர் இடம் கட்டவில்லை. பற்றாதபோது எங்களை இருட்டில் விட்டவர்கள், மிஞ்சும்போது எங்கள் வெயிலையும் வீணாக்கச் சொல்கிறார்கள்.

உன் மகள் தகடுகளை நிறுத்தவில்லை. வெளி லைனுக்குப் போகும் சுவிட்சை மட்டும் கீழே இறக்கினாள். "அவங்களுக்கு வேணாமெண்டா விடு. நம்மட அறைக்கு ஓடட்டும்." மறுநாள் நம்மவர் கொண்டுவந்த சூரை கல்லுப்போல இறுகிக் கிடந்தது.

பதில் வரும்வரை நீ எந்தக் கந்தோர் வாங்குப் பலகையிலிருந்தும் எழும்பியதில்லை. அந்தப் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது. இன்று கந்தோர் பூட்டிக் கிடக்கிறது. திறக்கும் நாளில் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.