தேதி தெரியாத மத்தி

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம், நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று எழுதிவிட்டேன், மரியாதை முடிந்தது, இனி உண்மைக்கு வருகிறேன். நான் ஊரில் பைத்தியம் என்று பெயர் எடுத்துவிட்டேன். இந்தச் செய்தி உன் அண்ணி வழியாக உனக்கு ஏற்கெனவே வந்திருக்கும், அதுவும் கை கால் முளைத்து வந்திருக்கும், அதனால் என் பக்கத்தையும் கேள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் திருத்தம் சொல்கிறாள், கடைசியில் என் கதையில் நானே வில்லனாகிவிடுகிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

முதலில் உன்மேல்தான் கோபம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நீதான். கடல் சூடாகிக்கொண்டே போகிறது அப்பா, மத்தி முன்னைவிடச் சீக்கிரம் சினை பிடிக்கிறது, உங்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிப்பதற்குள் முட்டை விட்டு முடித்துவிடுகிறது என்று போன வருடம் போகிற போக்கில் சொல்லிவிட்டு, உன் ஆராய்ச்சி நிலையத்தில் மீனின் காதுக்குள் இருக்கும் கல்லைத் தேய்த்து வயது பார்க்கப் போய்விட்டாய். எங்கள் காதில் கல்லும் இல்லை, நல்ல வார்த்தை உள்ளே போக வழியும் இல்லை. ஆனாலும் நீ சொன்னது எனக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. ஏலம் விடுகிறவன் நான், கரைக்கு வருகிற ஒவ்வொரு கூடையும் என் கண்ணைத் தாண்டித்தான் போகிறது. ஒரு சாண் இருந்த மத்தி இப்போது என் நடுவிரல் நீளம்தான், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. வருவதும் குறைவு, அதற்கும் உன் புத்திதான், குளிர்ச்சி தேடித் தூரமாகப் போய்விடுகிறது, உன்னை மாதிரி மாதம் ஒருமுறை போன்கூடச் செய்வதில்லை. தடைக்கு முன்னால் கிடைக்கிற கொஞ்சமும் வயிறு புடைத்து வருகிறது, தடை முடிந்த பிறகு வருவது வற்றிய வயிறும் வெறுங்கூடையும். நடுவில் நாங்கள் செய்யும் கூத்தைக் கேள். சினை மீனையெல்லாம் வாரித் தீர்த்துவிட்டு, சர்க்கார் சொன்ன தேதியில், மீன் நிம்மதியாக முட்டை விடட்டும் என்று படகைக் கட்டிப்போட்டுப் பயபக்தியோடு காத்திருக்கிறோம். அந்தத் தேதியை மீறி ஒருத்தன் கடலுக்குப் போனால் அடிக்கவே கிளம்பிவிடுவோம், அத்தனை ஒழுக்கம். பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போன பிறகு ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் போடாதே என்று பலகை மாட்டுகிற ஒழுக்கம்.

சங்கக் கூட்டத்துக்கு மீன்துறை அதிகாரி வந்தபோது எழுந்து இதைக் கேட்டேன். தேதி மேலிடத்து உத்தரவு, தொட முடியாது என்றார். அப்படியானால் அந்த உத்தரவில் ஒரு நகலை மத்திக்கும் அனுப்பி வையுங்கள், அதற்குத் தேதி தெரியாமல்தான் இந்தக் குழப்பம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார், சிரித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று எங்கள் ஊரில் அர்த்தம். அவரும் பாவம், வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நானும் எழுதிப் பார்த்தாச்சு ஐயா, மேலே இருக்கறவங்க அவங்களுக்கு மேலே இருக்கறவங்களைக் கேக்கறாங்க, வேணும்னா நீங்களே கொஞ்சம் முன்னாடி நிறுத்திக்கோங்களேன் என்றார். அந்த நாட்களைத் தடைக்காலத்தில் கழித்துக்கொள்வீர்களா என்றேன், அது முடியாதாம். ஆக முன்னாலும் பட்டினி, பின்னாலும் பட்டினி. உன் அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டான். நிறுத்தினா எல்லாப் படகும் நிறுத்தட்டும், நான் மட்டும் என்ன இளிச்சவாயனா என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, அப்பனும் பிள்ளையும் ஆனால் கேட்கவே வேண்டாம்.

போன வாரம் அவன் படகு வந்தபோது விளிம்பு வரை தண்ணீரில் அழுந்தியிருந்தது. சமீபத்தில் யாரும் அப்படி ஒரு மீன்பாட்டைப் பார்த்ததில்லை, ஏலக்கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நான் வழக்கம்போல மரப்பெட்டிமேல் ஏறினேன். முதல் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து வயிற்றை அழுத்தினேன், கட்டைவிரலெல்லாம் சினை. அடுத்த கூடையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஏலக்காரன் வாயை மூடினால் அது மனசாட்சி என்று யாருக்கும் தோன்றுவதில்லை, மாரடைப்பு என்றுதான் நினைக்கிறார்கள். ஒருத்தர் நாற்காலியோடு ஓடி வந்தார், ஐஸ்காரர் என் உச்சந்தலையில் ஒரு கட்டியையே வைத்துவிட்டார். அது உருகிச் சட்டைக்குள் இறங்கியபோதுதான் எனக்குக் குரல் வந்தது. இதை நான் விற்க மாட்டேன், விதைநெல்லைக் குத்திச் சோறாக்க என்னால் கூவ முடியாது என்றேன். உன் அண்ணன் முன்னால் வந்து நின்றான். இத்தனை வருஷமா சினை மீனு சினை மீனுன்னு கத்திக் கூடுதல் விலைக்கு வித்தது யாருப்பா, என் மீனு வர்ற அன்னைக்குத்தான் உங்களுக்கு ஞானம் வரணுமா என்று கேட்டான். பெட்டியை விட்டு இறங்கிவிட்டேன். ஐஸ்காரர் பெட்டிமேல் ஏறித் துக்கச் செய்தி வாசிக்கிற குரலில் ஏலம் விட்டார், அடிமாட்டு விலைக்குப் போயிற்று. செத்த மீனுக்குச் சாகாவரம் கேட்ட கிழவன் என்று அன்றைக்கே எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். நான் பேசாததால் ஒரு மீன்கூடப் பிழைக்கவில்லை, என் பிள்ளையின் உழைப்புக்கு விலைதான் குறைந்தது. அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது கண்ணு, இதற்கு மட்டும் யாரும் ஐஸ் கொண்டுவருவதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சாப்பாடு பேச்சோடு சேர்த்துத்தான். கடலுக்காகப் பேசுறவருக்குக் கடல்தான் சோறு போடணும், நான் எதுக்குப் போடணும் என்பாள் உன் அம்மா, சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள். அண்ணன் மாடியிலிருந்து இறங்குவது கேட்கும், வாசல் கதவு சாத்துவது கேட்கும், நடுவில் அப்பா என்ற சொல் மட்டும் கேட்காது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் அண்ணிதான் தபால்காரி. அவள் நல்ல பெண், பாதியை விழுங்கிவிட்டுத்தான் கொடுப்பாள். குளியலறை பல்பு போயிடுச்சாம் மாமா என்றாள் ஒருநாள், அதற்கு முன்னால் என்னம்மா சொன்னான் என்றால் சிரிக்கிறாள். நீ இதைப் படித்துவிட்டு, கடலின் சூட்டை ரத்தச் சிவப்பாகக் காட்டும் உன் ஆராய்ச்சிப் படங்களை அவனுக்கு அனுப்பி வைக்காதே. தண்ணீரில் கால் வைக்கிறவன் அவன், வெதுவெதுப்பு அவனுக்குத் தெரியாதா. தெரியாமல் செய்கிறவனுக்குத்தான் பாடம், தெரிந்தும் வழியில்லாமல் செய்கிறவனுக்குப் பாடம் எடுத்தால் எரிச்சல்தான் வரும்.

இன்று காலை ஒன்று நடந்தது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. எல்லாப் படகும் கடலுக்குப் போயிற்று, உன் அண்ணன் படகு போகவில்லை. தடைக்காலத்தில் எல்லோரும் ஆற்றுக்குள் கொஞ்சதூரம் போய்ப் படகு கட்டுவார்களே, அந்த இடத்தில் அது தனியாகக் கட்டிக் கிடக்கிறது, வலையை இறக்கி, தார்ப்பாயும் போட்டுவிட்டான். தடைக்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருக்கிறது. அப்பன் வியாதி ஒட்டிக்கிச்சா என்று கேட்டவர்களிடம், இன்ஜின் கோளாறு என்றானாம். அண்ணியும் வந்து அதையே சொன்னாள், இன்ஜின் கோளாறாம் மாமா, தடை முடியற வரைக்கும் சரியாகாதாம், அதுவரைக்கும் ஐஸ் கம்பெனியில கட்டி உடைக்கப் போறாராம் என்றாள். சொந்தப் படகு வைத்திருக்கிறவன் கூலிக்கு ஐஸ் உடைக்கப் போகிறான். நான் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் படகை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு போக முடியாது, கட்டி இழுக்க வேறு படகும் இல்லை, எல்லாம் கடலில். அந்தக் கோளாறு பிடித்த இன்ஜின்தான் ஆற்றை எதிர்த்து அதை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஒரு படகு நின்றால் கடல் நிறைந்துவிடுமா என்று அந்தப் பக்கமாக வந்த ஐஸ்காரர் கேட்டார். நிறையாது, எனக்கும் தெரியும். அவர் போன பிறகு படகின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன், அழுகை வந்தது, பார்க்க யாரும் இல்லை என்பதால் அழுதேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நோய் நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க உன் அம்மாவின் முழு ஆசீர்வாதம், என்னுடையதில் பாதிதான், மீதியை இந்த வாரம் உன் அண்ணனுக்கு ஒதுக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் செய். இன்ஜின் எப்படி இருக்கிறது என்று கேள். சரியாக நாளாகும் என்பான். எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை அண்ணா, நல்லாப் பார்த்துச் செய் என்று சொல், வேறெதுவும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா