கோட்டுக்கு வெளியே ஒரு தடம்

செவ்வாய், இரவு

நான் புதிதாகச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் எங்கள் பல்கலைக்கழக டெனிஸ் அணி முதல் போட்டியிலேயே தோற்றது. ஒரே ஒரு புள்ளி எடுத்திருந்தால் வெற்றி. எதிராளி அடித்த பந்து எங்கள் ஆட்டக்காரன் ரிஸ்வானின் பக்கத்தில் கோட்டருகே விழுந்தது. நடுவர் இல்லை, தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று ரிஸ்வான்தான் சொல்ல வேண்டும். "உள்ளே" என்று கைகாட்டினான். அதன்பின் ஆட்டமே கைமாறிவிட்டது.

நான் பார்த்தேன். கடற்காற்று கொண்டுவந்த மணலில், பந்தின் தடம் கோட்டுக்கு வெளியே.

ஆட்டம் முடிந்ததும் கேட்டேன்: "ஏன் உள்ள எண்டு காட்டின?"

"சரியாத் தெரியல்ல சேர். சந்தேகமெண்டா மத்தவனுக்குக் குடுக்கணும் எண்டு நீங்கதானே சொல்லித் தந்தீங்க."

வீட்டுக்குப் போகக் கண்டக்குழி பஸ்ஸில் ஏறும்போது திரும்பிக் கேட்டான்: "உள்ளதானே சேர் விழுந்த?"

"ஓம்."

காற்று இன்னும் அடிக்கிறது. தடத்தை அழித்திருக்குமா? காலையில் அவன் பயிற்சிக்கு வருமுன் நானே போய் மணலைக் கூட்டிவிட வேண்டும்.