மறைவுக்குப் போகாத நாய்

மரக்காணம்
வைகாசி 19, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு அமுதவல்லி எழுதுவது. நானும் பாப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படி இருக்க வேண்டும். குவைத்துக்குத் திரும்பும் கூனிமேடு ஜமால் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் என்ன என்பீர்கள். என் போனுக்கு ரீசார்ஜ் செய்வது உங்கள் தம்பி மணிகண்டன். ஒவ்வொரு தடவையும் வாங்கி நோண்டிவிட்டுத்தான் திருப்பித் தருகிறார்.

முதலில் லூயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழட்டு நாய்க்கு எதற்குச் சோறு என்று போன மாசம் கோபப்பட்டீர்கள். என் தங்கை விஜயலட்சுமி வேலை செய்யும் குயிலாப்பாளையம் விடுதியில் ஒரு வெள்ளைக்காரம்மா ஒன்பது வருஷம் அதை வளர்த்தார், பிறகு விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். விடுதிக்காரர் துரத்தப் பார்த்தார் என்று தங்கைதான் கொண்டுவந்து விட்டாள். டைல்ஸ் பாத்ரூமிலேயே போய்ப் பழகிய நாய். நம் வீட்டில் வழவழப்பாக இருப்பது சிமென்ட் தரை ஒன்றுதான், அங்கேயே போனது. அடிக்காதே என்றார் கால்நடை டாக்டர். விடிந்ததும், சாப்பிட்டதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போ, போனதும் தட்டிக்கொடு, வீட்டுக்குள் ஈரமான இடத்தை வினிகர் விட்டுக் கழுவு என்றார். ஒவ்வொரு தடவையும் துண்டு கருவாடு கொடுத்தேன். இருபது நாளில் கற்றுக்கொண்டது. உப்பளத்தில் என்னோடு வேலை செய்யும் பாஞ்சாலை அக்கா அதை லூசு என்றுதான் கூப்பிடுவார். அதற்கும் வாலாட்டும்.

உப்பளத்துக்கும் என்னோடு வரும். பத்து மணிக்கு நாங்கள் பொம்பளைகள் கிழக்கு வரப்பில் இருக்கும் கருவேல முள்புதர் மறைவுக்குப் போவோம். அந்த வெட்டவெளியில் எங்களுக்கு இருக்கும் கக்கூஸ் அதுதான். உப்பு நனையாமல் இருக்கத் தார்ப்பாய் வாங்கும் முதலாளிக்கு, எங்களுக்காக நாலு தகரம் நட மனசு வரவில்லை. லூயியும் எங்களோடு அங்கே போய்விட்டு வரும்.

மூன்று வாரமாக அது மறைவுக்குப் பத்தடி முன்னாலேயே வாலை இடுக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. மதியம் வரை அடக்கிவைத்து, வீட்டு வாசலைத் தாண்டினதும் தரையில் விட்டுவிடுகிறது. வயசானா உனக்கும் எனக்கும் இதே கதிதாண்டி என்று பாஞ்சாலை அக்கா சிரித்தார். மூத்திரத்தைப் பரிசோதித்த டாக்டர், நோய் இல்லை, எதற்கோ பயப்படுகிறது என்றார். உங்கள் தம்பி மட்டும், நாயைக் குடுங்க அண்ணி, ஈ.சி.ஆர். ரோடு தாண்டி விட்டுட்டு வர்றேன் என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அளத்து மேஸ்திரியான அவருக்கு என் வீட்டுத் தரை மேல் என்ன இவ்வளவு அக்கறை?

சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு மறைவின் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஆள் உட்காரச் சாக்கு விரித்திருந்தது. முகத்துக்கு நேராக முள்ளை வெட்டி ஓட்டை போட்டிருந்தது. பக்கத்தில் உப்புக்கட்டிகள் குவித்து வைத்திருந்தது. நாய் கிட்டே வந்தால் எறிய. சாக்குக்கு அடியில் ஒரு பவர் பேங்க். தீபாவளிக்கு நீங்கள் தம்பிக்கு அனுப்பியதுதான், முனை உடைந்த அதே பச்சை.

அவர் அங்கே உட்கார்ந்ததை என் கண்ணால் பார்க்கவில்லை. இல்லாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை எடுத்து வந்துவிட்டேன். இரண்டு நாளாக உங்கள் தம்பி, அத்தை வீட்டிலும் நம் வீட்டிலும் எதையோ தேடுகிறார். என்ன என்று கேட்டால், ஒண்ணுமில்ல அண்ணி என்கிறார். முகத்தைப் பார்ப்பதில்லை.

வெளியே உட்கார்ந்திருந்தவன் போனில் என்ன இருக்கிறது, அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியவில்லை. நாங்கள் பதினோரு பேர். லீவில் நம் பாப்பாவும் என்னோடு அங்கே வந்திருக்கிறாள்.

அவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாளைக்கு யாரும் அளத்தில் இறங்கப் போவதில்லை. எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள், குடும்ப மானத்தை ரோட்டில் இறக்கிவிட்டாள் என்று அத்தை போனில் அழுதிருப்பார். நீங்களும் ஏதோ பதில் சொல்லியிருப்பீர்கள். என்ன சொல்லியிருந்தாலும், இதைப் படித்த பிறகு இன்னொரு தடவை யோசித்துச் சொல்லுங்கள் மாமா.

அங்கே வெயில் கொளுத்துகிறது என்று ஜமால் பாய் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இங்கே நாங்கள் சனிக்கிழமைக்குப் பிறகு வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம்.

உங்கள்
அமுதவல்லி