ஆறுதல் சொல்லாதே

தெலம்சன்,
ரமலானுக்கு முந்தைய வியாழன்

என் கண்ணே நசீமா, அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். நானும் உன் வாப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், அதற்கு அவனுக்கே புகழ். மொன்ட்ரியல் பனியில் நீ நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு துஆ இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி ரெத்வான் பைக்கோடு விழுந்து மௌத்தானதிலிருந்து உன் வெள்ளிக்கிழமை போன் வரவரச் சுருங்கிக்கொண்டே போகிறது. என் குரல் கொஞ்சம் கம்மினால் போதும், "உம்மா அழாதீங்க, சபூர் செய்யுங்க, பொறுமையா இருங்க, அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். ஒருநாள் போனே வராமல் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றைப் பறிகொடுத்தாயிற்று, உன்னையும் விட என்னால் முடியாது. போனில் சொல்ல நீ விடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கெய்ராவின் மருமகன் அங்கே வருகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்புவேன்.

இரு, கொண்டைக்கடலை பொங்குகிறது. வந்துவிட்டேன். இப்படித்தான் இருக்கிறது என் நிலைமை, உட்கார்ந்தால் கால் நிற்பதில்லை, துடைத்த தரையையே துடைக்கிறேன், மடித்த துணியைப் பிரித்து மடிக்கிறேன். அவன் அடக்கமான நாளிலிருந்து கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, தெருவில் எந்த வீட்டில் மையத்து விழுந்தாலும் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், ஆரஞ்சுப்பூத் தண்ணீர்க் குப்பியோடு போய் அழுகிறவளை அடக்கிவிட்டுத்தான் திரும்புவேன். நம் வீட்டுக்கு வந்தவர்களுக்கும் நானே ஆறுதல் சொல்லி, காபி ஊற்றி, வழியனுப்பினேன். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, விழித்தால் அதே பரபரப்பு.

கடைசியில் கெய்ராதான் பஹீஜா மேடமிடம் இழுத்துப்போனாள். மனோதத்துவம் படித்தவள், தொழுகையும் விடாதவள். பெண்கள் சங்கத்து மாடியில் நாங்கள் சில பேர் வட்டமாக உட்காருவோம். "மருந்தும் இல்லே ஊசியும் இல்லே, உக்காந்து பேசுறதுக்கு ஒரு டாக்டரா? இது ஹம்மாம்ல பொம்பளைங்க குளிக்கிறப்பவே நடக்குதே" என்று உன் வாப்பாவுக்கு ஒரே கேலி. அப்புறம் மெல்லப் பக்கத்தில் வந்து, "என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்றியா?" என்றார். ஆமாம், வாராவாரம் உங்கள் குறட்டைதான் என்றேன்.

முதல் நாளே கெய்ரா, மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சொல்லி அழுதுவிட்டாள். வட்டமே எழுந்தது, ஒருத்தி கைக்குட்டை, ஒருத்தி சபூர், நான் குப்பியைத் திறந்தாயிற்று. பஹீஜா, "உக்காருங்க ஸுலிகாம்மா, அவங்க இன்னும் முடிக்கலே" என்றாள். எனக்கு வந்த கோபம்! இங்கே அல்லாஹ் பேரைச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "தாராளமா சொல்லுங்க. ஆனா அவங்க வாயை அடைக்கிறதுக்குச் சொல்லாதீங்க" என்றாள். கல்நெஞ்சுக்காரி என்று திட்டிக்கொண்டே இறங்கி வந்தேன், அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனேன், வீட்டில் துடைக்க இடம் பாக்கியில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை நான் முக்காட்டு நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். பஹீஜா பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டாள். யோசிக்காமல், அவனைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கபன் துணியைக் கொஞ்சம் விலக்கி முகத்தை மட்டும்தான் காட்டினார்கள், கண்ணீர் மையத்தின்மேல் விழக்கூடாது என்று என் இரண்டு கையையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள், உடனே தூக்கியும் போய்விட்டார்கள். யார்மேல் கோபம் என்று கேட்டாள். அல்லாஹ்மேல் என்று வந்துவிட்டது வாயில். அஸ்தக்ஃபிருல்லாஹ், அவன் என்னை மன்னிக்கட்டும், கூரை இடிந்து விழும் என்றுதான் நினைத்தேன். அவளோ நிதானமாக, "அப்போ அவன்கிட்டயே சொல்லுங்க" என்றாள். சொன்னேன் மகளே. யா ரப், உன் பொருளை நீ எடுத்துக்கொண்டாய், ஒரு தடவை என்னைத் தொட விட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அப்புறம் வந்தது பார் அழுகை! எழப்போன கெய்ரா தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுது அழுது அது தானாகவே நின்றது. அழுகை தானாக நிற்கும் என்பது இந்த வயது வரை எனக்குத் தெரியாது நசீமா. அன்று அஸர் தொழுதபோது, எதிரில் கேட்க ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, இப்போதும் கால் நிற்கவில்லை. ஆனால் இப்போது உன்னை நினைத்துத்தான். அடக்கத்துக்கு உன்னால் வர முடியவில்லை, பேப்பர் சரியில்லை என்று அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நீ யார் முன்னால் அழுதாய்? என் அழுகைக்குப் பயந்து போனை வைக்கிறாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். உன் அழுகைக்குத்தான் பயப்படுகிறாயோ என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

அல்லாஹ் உன் காலடியைக் காப்பாற்றட்டும், உன் நெஞ்சை விசாலமாக்கட்டும். உன் வாப்பா சலாம் சொல்கிறார். மறந்துவிடாதே, டியூட்டி இல்லாத வெள்ளிக்கிழமை எதுவோ அன்றைக்குப் போன் செய். நான் சபூர் என்று சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. பேச்சு வராவிட்டால் பேச வேண்டாம். நீ அழுது முடிக்கிற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.

உன் உம்மா,
ஸுலிகா