ஆரிபாவின் ஆட்டுக்குட்டி

நம் உத்திராபதியின் அப்பாவுக்கு,

போலகம் ஊரில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் நாயை விட்டுவரப் போகிறேன். சோறு உறியில் இருக்கிறது, குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாய் அவர்கள் ஆட்டுக்குட்டியைக் கடித்துக் கொன்றதைக்கூடப் பக்கத்து வீட்டு நபீசா அக்கா பொறுத்திருப்பார். "கறியையாவது ஆக்கிச் சாப்பிடுங்க, வீணாப் போவுது" என்றீர்களே! நாய் கடித்துச் செத்ததை அவர்கள் தொடுவார்களா? அதுவும் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த அக்கா மகள் ஆரிபா அழுதுகொண்டிருக்கும்போது!

அக்காவின் வீட்டுக்காரர் சைகோனிலிருந்து வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்கிறீர்கள். காலையில் அக்கா வரச்சொன்ன கொத்தனார் வந்து, இரண்டு கொல்லைக்கும் நடுவே இருந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

நாளை நோன்பு ஆரம்பம். வருசா வருசம் அந்த வழியாகக் நோன்புக் கஞ்சி வாங்கும் தூக்குவாளியைப் பரணில் போட்டுவிட்டேன். தேடாதீர்கள்.

பெரியநாயகி

நாய் போக மாட்டேன் என்று உங்கள் செருப்பின்மேல் படுத்திருக்கிறது. இழுத்துக்கொண்டுதான் போகிறேன். நாய் போனாலும் அந்தச் சுவரை யாரும் இடிக்கப் போவதில்லை.